காரணம்: சும்மா

அப்பா,

வியாழக்கிழமை ரேஷன் கார்டைத் தேடி உங்கள் பீரோவைத் திறந்தேன். கார்டு கிடைக்கவில்லை. வேட்டிகளுக்கு அடியில் கேட் பாஸ் புத்தகம்தான் கையில் சிக்கியது. மேல்தாளைக் கிழித்துக் கொடுத்தால் அடியில் கார்பன் நகல் தங்குமே, அந்தப் புத்தகம். கடைசி நகலில் உங்கள் சாய்ந்த கையெழுத்து. நபர்கள்: மூவர், கைக்குழந்தை ஒன்று. செல்லும் இடம்: அமராவதி அணை. வெளியே சென்ற நேரம்: 7.10. காரணம்: சும்மா.

வேறொரு மகளாக இருந்தால் அதை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதிருப்பாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. நீங்கள் செத்து ஒரு வருடம் ஆகப்போகிறது. இன்னும் பீரோவுக்குள் உட்கார்ந்துகொண்டு பாஸ் எழுதுகிறீர்கள்.

பனியன் கம்பெனியில் முப்பது வருடம் டைம் ஆபீசில் இருந்தீர்கள். ஷிப்ட் நடுவில் யார் வெளியே போகவேண்டும் என்றாலும் உங்கள் மேசை முன்னால் நின்று, பெயரும் நேரமும் காரணமும் சொல்லிச் சீட்டு வாங்கி, அதை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் வாசலைத் தாண்ட முடியும். காய்ச்சலுக்கும் அதே சீட்டு, கல்யாணத்துக்கும் அதே சீட்டு. ஓய்வு பெற்ற அன்று மாலையும் சால்வையும் வாங்கிக்கொண்டு வந்தீர்கள். பைக்குள் எழுதாத பாஸ் புத்தகங்களும் இரண்டு இருந்தன. எதற்கு என்று அம்மா கேட்டாள். "கெடக்கட்டும், கணக்கெழுத ஆகும்" என்றீர்கள்.

ஆறு மாதம் திருப்பூர் மண்ணரையில் நம் வீட்டில் ஆள்வதற்கு ஆளில்லாமல் தவித்தீர்கள். பிறகு கொரோனா வந்து உங்களுக்கு ஒரு கம்பெனியைக் கொடுத்தது. தொழிலாளர்கள் இரண்டே பேர். ஒருத்தி அம்மா. இன்னொருத்தி, தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீடு வந்து மாட்டிக்கொண்ட நான். என் வீட்டுக்காரர் கரூரில் இருந்துகொண்டு போனில் "பத்திரம், பத்திரம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வாசலைத் தாண்ட நீங்கள் எங்களுக்குப் பாஸ் எழுதிய முதல் நாள் சிரித்தோம். விளையாட்டு என்று நினைத்தோம். மூன்றாம் நாள் அம்மா கறிவேப்பிலை பறிக்கப் பக்கத்து வீட்டு வேலி வரைக்கும் போகக் கேட்டதற்கு, காரணம் போதாது என்று நீங்கள் பாஸ் எழுத மறுத்தபோதுதான் இது விளையாட்டில்லை என்று தெரிந்தது. மொட்டை மாடிக்குப் பதினைந்து நிமிடம். பால்காரரிடம் பாத்திரம் நீட்ட வாசல் வரைக்கும். கேட் சாவி உங்கள் அரைஞாண் கயிற்றில். ஊரெல்லாம் திறந்து, கம்பெனி பஸ்கள் ஓட ஆரம்பித்து, பீகார் பையன்கள் ரயிலேறித் திரும்பி வந்து, எதிர் வீட்டு பவர் டேபிள் தையல் கூடத்தில் இந்திப் பாட்டு கேட்கத் தொடங்கிய பிறகும் நம் வீட்டு கேட் திறக்கவில்லை. "ஊரு தொறந்தா தொறக்கட்டும். என்ற ஊடு என்ற பொறுப்பு" என்றீர்கள்.

இதையெல்லாம் மன்னித்திருக்கலாம். பயந்த மனிதர், பழகிய மேசையைப் பிடித்துக்கொண்டார் என்று விட்டிருக்கலாம். சித்தி சாவுக்கு என்ன செய்ய?

குண்டடத்தில் வாழ்க்கைப்பட்ட சித்தி, அம்மாவின் ஒரே தங்கை. ஊரடங்கின் தொடக்கத்தில், எனக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது, ஒரு விடிகாலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவள் தொட்டியோரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவ்வளவுதான். கொரோனாவும் இல்லை, ஒன்றும் இல்லை. வாழ்ந்து செத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வந்து மேலே போர்த்திய பிறகுதான் பிணத்தை எடுப்பார்கள். அம்மாவைப் பெற்ற அப்புச்சியும் அம்மாயியும் எப்போதோ போய்விட்டார்கள். ஆண்பிள்ளையும் இல்லை. சித்திக்குப் பிறந்த வீடு என்றால் அது அம்மா ஒருத்திதான்.

கடை ஏதும் திறக்கவில்லை. அம்மா தன் பெட்டியைத் திறந்து, ஒரு தடவைகூட உடுத்தாத அரக்குப் பட்டுச் சேலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சமையல்கட்டில் உட்கார்ந்திருந்தாள். நீங்கள் வந்து வாசல்படியில் நின்றீர்கள்.

"இன்னைக்குப் பாஸ் கெடையாது."

"ஏனுங்க, அவளுக்கு வேற யாருங்க இருக்கறாங்க?"

"கெடையாதுன்னா கெடையாது."

சாவு வீட்டுக்குப் போகிறவர்களை ரோட்டில் நின்ற போலீசே விட்டது. நீங்கள் விடவில்லை. குண்டடத்தில் மூன்று மணி வரைக்கும் காத்திருந்தார்கள். அதற்குமேல் வைத்திருக்க முடியாமல், சித்தப்பா வீட்டிலேயே ஒரு சேலையை எடுத்து, அதையே பிறந்த வீட்டுக் கோடி என்று சொல்லிப் போர்த்தி எடுத்துப் போனார்கள். திருப்பூரில் ஊர் முழுக்கத் துணி. அதில் ஒரு சேலை முப்பது மைல் போக முடியவில்லை.

அன்றிலிருந்து அம்மா உங்களுடன் பேசவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். வாயைத் திறந்து ஒரு சொல் இல்லை. எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதற்குப் பல் முளைத்தது. அப்போதும் இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், குளித்துத் திருநீறு பூசி, பாஸ் புத்தகத்தை எடுத்து நீங்களே ஒரு சீட்டு எழுதி, மேல்தாளைக் கிழித்துச் சாமி படத்துக்குக் கீழே வைத்தீர்கள். "கெளம்புங்க. அமராவதி போயிட்டு வருவோம்" என்றீர்கள். என்னத்துக்கு என்று கேட்டேன். "சும்மாதான் கண்ணு" என்றீர்கள். உங்கள் வாயில் அந்தச் சொல்லை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

பழைய மாருதியை வாரம் ஒரு தடவை கிளப்பி நிறுத்திவைத்திருந்தீர்கள். பல்லடத்தில் ரோடு பிரிகிறது. நேரே போனால் உடுமலை. இடது பக்கம் திரும்பினால் குண்டடம், தாராபுரம். அம்மா கண்ணாடி வழியாக அந்த இடது பக்க ரோட்டையே பார்த்தாள். நீங்கள் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. பின் சீட்டில் உங்கள் பிடரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு, ஓங்கி ஒன்று வைத்தால் என்ன என்று இருந்தது.

ஆனால் இதையும் எழுதித்தான் ஆகவேண்டும். அது என் வாழ்நாளிலேயே நல்ல நாள். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

உடுமலை தாண்டியதும் கண்ணாடியை இறக்கச் சொன்னீர்கள். ஒன்றரை வருடம் நான்கு சுவருக்குள் டெட்டால் வாசத்தை மோந்துகொண்டிருந்தவர்கள் மேல் காற்றாலைப் பக்கத்துக் காற்று மோதியது. குழந்தை மூச்சுத் திணறிச் சிரித்தாள். அணைக்கட்டுப் படி ஏறும்போது அம்மா முன்னால் போனாள், நாம்தான் பின்னால். மேலே ஏறி நின்று, முகக்கவசத்தைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, "அடேங்கப்பா, எத்தன தண்ணி" என்றாள். யாரிடமும் இல்லை, தண்ணீரிடம்தான் சொன்னாள். எங்கு பார்த்தாலும் சனம். கம்பெனிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக, எல்லோரும் ஒரே ரிஜெக்ட் டீ ஷர்ட்டில். நீங்கள் பழக்கதோஷத்தில் ஒரு பையனைக் கூப்பிட்டு எந்தக் கம்பெனி என்று விசாரித்தீர்கள். அவன் உங்களிடம் லீவு கேட்பவன்போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நானும் சிரித்தேன். உங்களைப் பார்த்து நான் சிரித்தது எத்தனை மாதத்துக்குப் பிறகு என்று எனக்கே தெரியாது.

படகில் போனோம். குழந்தையின் கையைப் பிடித்துத் தண்ணீரில் அளையவிட்டேன். இறங்கி வந்ததும் அணை மீன் வறுத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் வெளித் தீனி ஒரு பருக்கை நுழையவிடாத மனிதர், வாழை இலையில் மூன்று துண்டு வாங்கிவந்து அம்மா முன்னால் வைத்தீர்கள். முள்ளெடுத்து வைத்தீர்கள். அம்மா சாப்பிட்டாள். விரலைச் சூப்பிக்கொண்டு சாப்பிட்டாள். நீங்கள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கேட்டீர்கள்: "நல்லாருக்குதா?"

அம்மா இலையிலிருந்து கையை எடுத்தாள். உங்களை நிமிர்ந்து பார்த்தாள்.

"மீன் திங்கறதுக்குப் பாஸ் எழுத முடிஞ்சுதுங்க. என்ற தங்கச்சிக்கு ஒரு கோடி போடறதுக்கு எழுத முடியலீங்க, இல்லீங்களா?"

அத்தனை மாதத்துக்குப் பிறகு அவள் உங்களிடம் பேசிய முதல் பேச்சு அது. உங்கள் முகம் என்ன ஆனது என்று நான் பார்க்கவில்லை. குனிந்து குழந்தைக்கு வாய் துடைத்துக்கொண்டிருந்தேன். "ஆறிப்போகும், சாப்பிடு" என்றீர்கள். அவ்வளவுதான். வேறொன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

நான் சொல்லியிருக்க வேண்டும். இந்தக் கடிதமே அதற்குத்தான்.

சித்தி செத்த அன்று காலையில் நீங்கள் பாஸ் எழுதினீர்கள். வியாழக்கிழமை அந்த நகலையும் பார்த்தேன், அப்படியே இருக்கிறது. அம்மாவின் பெயர். செல்லும் இடம்: குண்டடம். காரணம்: கோடி. நேரம் ஏழரை. கீழே கையெழுத்து. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சமையல்கட்டுக்கு நடந்த உங்களை உள்ளறை வாசலில் மறித்தவள் நான். "அம்மாளை அனுப்பாதீங்கப்பா. அங்க சனம் கூடும். நோயை வாங்கிட்டு வந்து எனக்கு ஒட்டவெச்சா என்ற கொழந்தைக்கு என்னாகும்" என்றேன். "உன்ற சித்திக்கு ஆரிருக்கறா கண்ணு" என்றீர்கள். "எனக்கு ஆரிருக்கறா" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பயம் உண்மைதான். ஆனால் கொஞ்சம் அதிகமாகவே அழுதேன், அதுவும் உண்மைதான். நீங்கள் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டீர்கள். "நீ சொன்னதா இருக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அவளிடம் போனீர்கள்.

யார் கேட்டார்கள் அந்தப் பெருந்தன்மையை? அன்றே என் பெயரைச் சொல்லியிருந்தால் அம்மா என்னை நாலு ஏசு ஏசியிருப்பாள், பேத்தி பிறந்ததும் மறந்திருப்பாள். பழியைச் சுமப்பதற்கும் நீங்களே பொறுப்பாளர் என்று எடுத்துக்கொண்டீர்கள். அதையாவது அணையில் வைத்துச் சொல்லியிருக்கலாம், கேட்ட கேள்விக்குப் பதிலாக. அங்கும் வாயை மூடிக்கொண்டு, என்னையும் மூடவைத்தீர்கள். அதன் பிறகு எப்படி நான் திறப்பது? நாள் போகப் போக எனக்கே அது நீங்கள் செய்த காரியம்தான் என்று ஆகிவிட்டது. உங்களை வெறுப்பது சுலபமாக இருந்தது. கேட்டையும் சாவியையும் கறிவேப்பிலையையும் காட்டி வெறுத்தேன். அதற்கெல்லாம் நீங்கள் தகுதியானவர்தான், அதை இப்போதும் சொல்கிறேன்.

போன வருடம் மஞ்சள் காமாலையில் பத்தே நாளில் முடிந்துபோனீர்கள். துக்கம் கேட்க வந்த ஒறம்பரைச் சனத்திடம் அம்மா சொன்னாள்: "எங்களையெல்லாம் வெளிய உடாம வெச்சிருந்தாருங்க. அவரு மட்டும் பாஸ் இல்லாமப் போயிட்டாரு." சிலர் சிரித்தார்கள். நான் பாயை உதறிக்கொண்டிருந்தேன். அப்போதும் சொல்லவில்லை. இந்த மாதம் வருடத் திதி என்றதும், "நான் வந்து உக்கார மாட்டேன். நீங்களே பண்ணிக்கோங்க" என்றாள். அதற்கும் தலையாட்டினேன். இரண்டு நாள் கழித்துத்தான் அந்தப் புத்தகம் கையில் சிக்கியது.

வியாழக்கிழமையே சொல்லிவிட்டேன், அப்பா. புத்தகத்தை விரித்து, குண்டடத்து நகலை எடுத்து அவள் முன்னால் வைத்து, நடந்ததை நடந்தபடி சொன்னேன். என்னை அவள் அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தாள். காரணம் என்ற இடத்தில் விரலை வைத்தாள். "ஏழரைக்கே எழுதிட்டாரா" என்று மட்டும் கேட்டாள். ஆமாம்மா என்றேன். எழுந்து உள்ளே போனாள். திதிக்கு என்னென்ன வாங்கவேண்டும் என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் அவள் பேசிக்கொண்டிருந்தது அன்று சாயங்காலம் காதில் விழுந்தது.

நீங்கள் நல்லவர் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. நல்லவராக இருந்திருந்தால் இதை என் தலையில் வைத்துவிட்டுப் போயிருக்க மாட்டீர்கள். உங்களுக்கு நான் கடன்பட்டவள் என்று நினைக்கும்போதெல்லாம் பல்லைக் கடிக்கிறேன். அந்தக் காற்றையும் அந்தத் தண்ணீரையும் நினைத்தால் மனம் தானாக இளகுகிறது, அதற்கும் உங்கள் மேல்தான் கோபம் வருகிறது.

இன்று ஞாயிறு. நான்கு நாளாக அம்மா என்னுடன் பேசவில்லை. மதியம் தட்டை வைத்துவிட்டு, என் மகளைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "உங்கம்மாளைச் சோறு திங்க வரச் சொல்லு சாமி."

போய் உட்கார்ந்து சாப்பிட்டேன்.