லெஹுவா போட்ட தாளம்

ஹிலோ, ஹவாய், வியாழன்

என் அன்புக்குரியவரே,

நம் மகள் லெஹுவா கேட்டதால்தான் உங்கள் உக்குலேலேயை, அந்த நாலு கம்பிச் சின்ன கித்தாரை, எடுத்தேன். இடக்கை விரல்கள் கம்பி மாறுவதற்குள் என் வலக்கை முந்திக்கொண்டு ஓடும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே விரலால் தாளம் போட்டு, "அம்மா, பஸ்ஸு போயிடுமா? மெதுவா வாசியேன்!" என்று சிரிப்பாள்.

செவ்வாய்க்கிழமை மாலை அந்த விரல் நின்றுபோனது. நர்ஸ் தோளைத் தொட்டும், பாட்டை முடிக்காமல் நான் எழவில்லை.

சிறையில் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அடக்கத்துக்கு உங்களை விடமாட்டார்களாம்.

அடுத்த வாரம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அடக்கத்தில் நானே வாசிக்கிறேன். நீங்கள் இருக்கும் அரிசோனா சிறையில் அப்போது மதியம் ஒரு மணி. அந்த நேரம் மட்டும் யாரோடும் சண்டைக்குப் போகாமல் உட்கார்ந்திருங்கள்.

இப்படிக்கு,
அவளைப் பெற்றவள்