பீனா வீட்டிலிருந்து வந்த ஸ்பாஞ்சு

என் அன்பு அப்பா,

தங்கமீன்களெல்லாம் உயிரோடு இருக்கின்றன. இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மீதியை நீ பதறாமல் கேட்பாய்.

அம்மாவும் அத்தையும் தூங்கிவிட்டார்கள். அடுக்களை விளக்கில் யாருக்கும் தெரியாமல் எழுதுகிறேன். பயமாக இருக்கிறது. ஆனால் நான் செய்தது சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பயமும் நிச்சயமும் சேர்ந்தே இருக்கும் போலிருக்கிறது. உனக்கும் அப்படி இருந்ததுண்டா?

நாளை உன் முதல் வருஷ திவசம். அத்தை போன வாரமே மெட்ராஸிலிருந்து வந்துவிட்டாள். உன் மீன்தொட்டியின் பழைய ஃபில்டர் மோட்டார் கரகரவென்று இரைகிறது என்று அம்மா ஃபோனில் சொன்னாளாம். அதற்காகப் புது ஃபில்டர் ஒன்று வாங்கி வந்தாள். ஆசையாகத்தான் வாங்கினாள், நல்ல ஃபில்டர்தான்.

ஆனால் திவசத்துக்கு வீடு கழுவ ஆரம்பித்தால் அத்தை ஒரு மூலையையும் விடமாட்டாள், உனக்குத் தெரியுமே. சனிக்கிழமை நான் ட்யூஷன் முடிந்து வந்தபோது தொட்டியையும் கழுவியிருந்தாள். கூழாங்கற்களைக் கொதிநீரில் போட்டு எடுத்து, புதிதாகக் கிணற்றுத் தண்ணீர் நிரப்பி, புது ஃபில்டரும் ஓடிக்கொண்டிருந்தது.

"பாருடி, பளிங்காட்டமா இருக்கு. அண்ணா பழைய ஃபில்டருக்குள்ள அந்த ஸ்பாஞ்சை எப்படித்தான் வச்சிண்டிருந்தானோ. கன்னங்கரேல்னு, வழவழன்னு."

"அது எங்கே அத்தை?"

"வெந்நீர்ல அலசிப் பார்த்தேன். நாத்தம் போகலை, குப்பைல போட்டாச்சு."

அம்மா பக்கத்தில் நின்று, "நன்னாத்தானே இருக்கு?" என்றாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு. நான் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த வழவழப்பு அழுக்கில்லை அப்பா. மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் தண்ணீரை விஷமாக்கும். அந்த விஷத்தைத் தின்று மாற்றும் கிருமிகள் குடியிருந்தது அந்த ஸ்பாஞ்சில்தான். உயிரியல் புத்தகத்தில் நைட்ரஜன் சுழற்சிப் படத்தில் அம்புக்குறிக்குப் பக்கத்தில் பேர் மட்டும் போட்டிருக்கும், அதே கூட்டம். கொதிநீரில் அவை செத்துப்போயின. புது ஃபில்டரில் இன்னும் யாரும் குடிவரவில்லை. அவை தானாக வந்து பெருக வாரக்கணக்கில் ஆகும்.

திங்கட்கிழமை மீன்கள் மேலே மிதந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. அம்மா போட்ட தீனி அப்படியே கிடந்தது. "ஏண்டி சாப்பிட மாட்டேங்கறது?" என்று என்னைத்தான் கேட்டாள். நீ போன பிறகு அவள் காலையில் படுக்கையை விட்டு எழுந்திருப்பதே இவற்றுக்குத் தீனி போடத்தான். இவையும் போய்விட்டால்? என் பயமெல்லாம் அதுதான்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் என் வகுப்பு பீனா வீட்டுக்குப் போனேன். கேரள எல்லையில் பாறசாலைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம், அவளும் மீன் வளர்க்கிறாள். விஷயத்தைக் கேட்டு அவள் அம்மாவுக்கு ஒரே சிரிப்பு.

"மக்களே, நீங்க மீனு தின்னாத்த ஆளுகளாச்சே. பின்ன மீனுக்கு வேண்டி எதுக்கு இவ்வளவு பாடு?"

"தின்னாததுனாலதான் ஆன்ட்டி, இருக்கற மீனைக் காப்பாத்தணும்."

பீனா ஃபில்டரைத் திறந்து ஸ்பாஞ்சைப் பாதியாக வெட்டினாள். "முழுசும் தர மாட்டேன், என் மீனு சாவும். பாதி எடுத்தோ. இது உங்க அப்பா தந்ததுதானே, நான் தொட்டி வச்சப்போ. மறந்து போயாச்சா?"

மறந்துதான் போயிருந்தது அப்பா. நீ கத்தரியால் வெட்டி ஒரு பையில் போட்டுக் கொடுத்திருக்கிறாய்.

காய்ந்தால் கிருமிகள் போய்விடும். அதனால் பீனாவின் தொட்டித் தண்ணீரோடு ஸ்பாஞ்சை என் டிபன் பாக்ஸில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வாசலிலேயே அத்தை கை நீட்டினாள்.

"டப்பாவைக் கொடு, தேய்ச்சுடறேன்."

"நானே தேய்ச்சுக்கறேன் அத்தை."

"நீயா? அப்போ இன்னிக்கு மழைதான்."

திவசத்துக்குக் கழுவிய வீட்டுக்குள் அந்த டப்பாவில் என்ன வருகிறது என்று தெரிந்திருந்தால் மழையில்லை, இடியே விழுந்திருக்கும். ராத்திரி அரை மணி கரண்ட் கட் ஆகுமே, அப்போது அம்மாவும் அத்தையும் விசிறியோடு வாசலுக்குப் போனார்கள். நான் மெழுகுவர்த்தியோடு தொட்டிக்கு வந்தேன். புது ஃபில்டருக்குள் இருந்த வெள்ளைப் பஞ்சைக் கொஞ்சம் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஸ்பாஞ்சைச் செருகினேன். கரண்ட் வந்ததும் மோட்டார் ஓடியது. அன்றிலிருந்து அம்மாவை ஒரு சிட்டிகைக்கு மேல் தீனி போட விடுவதில்லை. தினமும் கொஞ்சம் தண்ணீரும் மாற்றுகிறேன்.

இன்று சாயங்காலம் மீன்கள் கீழே இறங்கி நீந்தின, சாப்பிட்டன. அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். அப்போதுதான் அத்தை சொன்னாள்: "விடியக்காலம் சாஸ்திரிகள் வரதுக்குள்ள தொட்டியையும் அந்த ஃபில்டரையும் இன்னொரு தரம் கழுவிடறேன்."

அதனால்தான் அப்பா இந்தக் கடிதம். நாளை நான் வாயைத் திறக்க வேண்டும்.

போன வருஷம் உன் தீட்டுக் கழிந்த அன்று வீட்டிலிருந்த மாவையும் தயிரையும் கொட்டிவிட்டு, எதிர்வீட்டு வாசலில் டம்ளரோடு நின்று உறைகுத்தத் துளித் தயிர் வாங்கி வந்தது அத்தைதானே? அந்தத் துளியில்தான் நம் வீட்டுத் தயிர் மறுபடி தோய்ந்தது. அதை யாராவது அழுக்கு என்றார்களா? இதுவும் அதுபோலத்தான் என்று சொல்லப்போகிறேன். அவளுக்குப் புரியும். டிபன் பாக்ஸுக்காகத் திட்டுவாள், திட்டிக்கொள்ளட்டும்.

அத்தை வாளியை எடுப்பதற்கு முன்னால் நான் தொட்டிக்கு முன்னால் நிற்பேன். குரல் நடுங்கினாலும் நகரமாட்டேன். நாளைக் காலையிலும் அம்மா தீனியோடு வருவாள், சாப்பிட மீன் இருக்கும். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

உன் ஒரே பெண்,
காயத்ரி