பெத்தம்மாளை முழுகினது

ராஜபாளையம்
ஞாயிற்றுக்கிழமை

வெங்கடேஸ்வரிக்கு,

ஆறு வருஷம் பேசாமல் இருந்தது போதும் என்று பட்டதால் எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், எனக்குச் சர்க்கரை ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது, அங்கே ஆக்லாந்தில் நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமா என்று கேட்க எனக்கு உரிமை உண்டா தெரியவில்லை, ஆனாலும் கேட்கிறேன். உன்மேல் எனக்கிருந்த கோபம் முழுதும் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. கல்யாணத்தை முடித்த பிறகுதானே எனக்குப் போனில் சொன்னாய், அது இன்னும் ஆறவில்லை. உன் அம்மா எனக்குத் தெரியாமல் உன்னோடு பேசிவருவதும் எனக்குத் தெரியும்.

தளவாய்புரத்தில் நம் பங்காளிகள் ஆடிதோறும் ஈரச்சேலை வைத்துக் கும்பிடும் கிணற்றடி உனக்கு நினைவிருக்கும். நம் முன்னோர் கருத்தையாவின் மகள் பெத்தம்மாள், மானத்துக்காகக் கிணற்றில் முழுகிச் செத்தவள் என்று உனக்கும் சொல்லித்தான் வளர்த்தேன். இந்த ஆடிக்கு அங்கே கல்வெட்டு வைக்கவேண்டுமென்று உன் பெரியப்பா விஜயபாண்டி வந்து நின்றார். போலீஸ் வேலையில் இருந்து ஓய்வு பெற்றும் அதிகாரம் போகவில்லை. நீதானலே தமிழ் வாத்தியான், நாலு வரி எழுதிக் குடு என்றார். கிணற்று நிலத்தின் பழைய பத்திரம் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் பதிவு அலுவலகத்தில் மனுப்போட்டேன். அலையவிட்டு, கடைசியில் நான் கேட்காத ஒரு நகலும் சேர்ந்து வந்தது. 1884-ஆம் வருஷம் கான்சாபுரத்தில் இரண்டு குறுக்கம் நிலம் வாங்கியவள், தளவாய்புரம் கருத்தையா மகள் பெத்தம்மாள், வயது இருபத்தாறு, கையெழுத்துக்குப் பதில் ஒரு கீறல். நம் கணக்குப்படி அவள் செத்து எட்டு வருஷம் ஆகியிருக்க வேண்டும்.

வேறு யாரோ என்று ஒதுக்கத்தான் பார்த்தேன், தூக்கம் வரவில்லை. மறுநாள் பஸ் ஏறிக் கான்சாபுரம் போய் அந்த நிலத்துக்காரர் சோலைச்சாமியைப் பிடித்தேன். எண்பது வயது, காதுமட்டும் மந்தம். எங்க பூட்டி தளவாய்புரத்துக்காரிதான், கெணறு வெட்ட வந்த எங்க பூட்டனோட கெளம்பி வந்தவ, அஞ்சு புள்ள பெத்து அறுவது வயசுல போய்ச் சேந்தா என்றார். நாங்கள் வருஷாவருஷம் சேலை வைத்துக் கும்பிடுகிறோம் என்றேன். கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு, இருக்கையில ஒரு சேல எடுத்துக் குடுத்திருக்கலாம்லா, பொறந்த வீட்டுல இருந்து ஒரு நாதி எட்டிப் பாக்கலன்னு சொல்லிச் சொல்லியே செத்தாளாம் என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்படியானால் நம் வீட்டுப் பெட்டியில் இருக்கிற, கருத்தையா தன் கையால் எழுதிவைத்த குறிப்பு என்ன ஆகும் என்று குழம்பிக் கிடந்தேன். தாது வருஷம், அதாவது 1876, ஆனி மாதம் பெத்தம்மாள் முழுகினது என்று அதைப் படித்துச் சுத்தப்பிரதி எடுத்துக்கொடுத்தவன் நான்தான், இருபது வயதில், தமிழ் படிக்கிற திமிரில். போன செவ்வாய் உன் அம்மா அடுத்த வீட்டு மாரீஸ்வரியிடம், ஈசு முழுகாம இருக்கா, மூணு மாசம், அவியட்ட சொல்லிராத என்று உன்னைப்பற்றிச் சொன்னது என் காதில் விழுந்தது. முழுகுவது என்றால் குளிப்பதும்தானே, அந்த ஒரு சொல் என்னை எழுப்பி உட்காரவைத்தது. பெட்டியைத் திறந்து பழைய தாளை வெயிலில் பிடித்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அந்தக் காலத்து எழுத்தில் புள்ளி வைக்கமாட்டார்கள், ளை எழுதினால் ளகரத்துக்கு முன்னால் தும்பிக்கைபோல ஒரு சுழி இருக்கும். மை உதிர்ந்த இடத்தில் அந்தச் சுழியின் தடம் இருக்கிறது. பெத்தம்மாளை முழுகினது. அவள் முழுகவில்லை. கருத்தையா குடும்பத்தோடு போய் அவளைத் தலைமுழுகிவிட்டு வந்து எழுதிவைத்திருக்கிறார். உன்னைத் தலைமுழுகிவிட்டேன் என்று அன்றைக்கு நான் போனில் சொன்னேன் இல்லையா, அதே காரியம்தான். நானும் போனை வைத்தவுடன் குளிக்கத்தான் போனேன், அது உனக்குத் தெரியாது.

பெரியப்பாவிடம் தாளைக் காட்டினேன். ஏலே, ஒத்தச் சுழிக்காவ சாமியவே இல்லைங்கியா, ஒம் மக ஓடினதுக்கு நியாயம் தேடுதியா என்றார். கல்வெட்டுக்கு எழுதமாட்டேன் என்று வந்துவிட்டேன். அவர் வேறு ஆள் வைத்து எழுதிக்கொள்ளட்டும், இந்த ஆடிக்கு நான் கிணற்றடிக்குப் போவதாக இல்லை.

நீ கனத்தைத் தூக்காதே, இரும்புச்சத்து மாத்திரையை வாந்தி வருகிறதென்று நிறுத்தாதே. உன் அம்மாவுக்குப் பாஸ்போர்ட் எடுக்க மனுப்போட்டிருக்கிறேன், பேறுகாலத்துக்கு அவள் அங்கே இருப்பாள், நான் வருவதைப்பற்றி இப்போது பேசவேண்டாம். நீயும் பிள்ளையும் எந்தக் குறையுமில்லாமல் இருக்கவேண்டும் என்று மடவார் வளாகம் கோயிலில் வைத்தியநாதரிடம் கேட்டுக்கொண்டேன். இதைப் படித்தவுடன் அம்மாவிடம் போனில் ஒப்பிக்காதே.

பத்திரத்தில் புருஷன் பேர் மட்டும் போட்டிருந்தாலே போதும். தன்னைத் தலைமுழுகிய அப்பன் பேரை அவள் சொல்லித்தான் எழுதவைத்திருக்கிறாள். நீ அம்மாவுக்கு அனுப்பிய பார்சல் உறையிலிருந்துதான் இந்த விலாசத்தை எடுத்தேன். அதில் அனுப்புநர் பா. வெங்கடேஸ்வரி என்று, என் பேரின் முதலெழுத்தோடேயே இருந்தது. இப்படிக்கு என்று எழுதி, அடுத்த சொல்லை எழுதவரவில்லை. அந்தச் சொல்லை நான்தான் முழுகிவிட்டேனே. அதனால் கீழே ஒன்றும் எழுதாமல் நாளைக் காலையில் தபாலாபீசில் சேர்த்துவிடுகிறேன்.

இப்படிக்கு,