தம்பியை இல்லையென்று சொன்ன அப்பாவுக்கு

அப்பா,

உங்களுக்கு எழுதும்போதெல்லாம் 'அன்புள்ள' என்றுதான் தொடங்குவேன். இன்று அந்தச் சொல் வரவில்லை. வருவது கோபம்தான்.

நீங்கள் போய் ஒரு வருடம். போன ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் நம் ஈஸ்ட் பிரன்ஸ்விக் வீட்டில் திதி. கொடுத்தது யார் தெரியுமா? பிரான்ஸிலிருந்து பறந்து வந்த அருண். நீங்கள் மகனே இல்லை என்று சொன்ன அதே அருண்.

இங்கே டிகிரி முடித்ததும், நீஸ் நகரத்துப் பக்கம் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பள்ளியில் மேலே படிக்க இடம் கிடைத்தது என்று அவன் வந்து நின்றான். "பேரைச் சொன்னா யாருக்காவது தெரியுமா? கவர்மென்ட் காலேஜ்ல படிக்கவா உன்னை அமெரிக்காவில வளர்த்தேன்?" என்று கத்தினீர்கள். "டாட், ஐ லைக் தேர் ரோபாட்டிக்ஸ் லேப். தட்ஸ் ஆல்" என்றான். கோயம்புத்தூரில் நீங்கள் படித்ததும் அரசுக் கல்லூரிதானே அப்பா? உங்களுக்கு உயர்வாக இருந்தது அவனுக்கு மட்டும் எப்படிக் கேவலமாயிற்று?

அவன் மீறிப் போனான். நீங்கள் பேச்சை நிறுத்தினீர்கள். அவன் ஃபோன் பண்ணும்போதெல்லாம் எழுந்து கராஜுக்குப் போய்விடுவீர்கள்.

ஆஸ்பத்திரியில் உங்கள் கடைசி வாரத்தில், ஏர்போர்ட்டிலிருந்து பையோடு நேராக வந்து நின்றான். "உங்க மகனா?" என்று நர்ஸ் கேட்டார். "நோ. ஐ ஹேவ் ஒன்லி அ டாட்டர்" என்றீர்கள். அவன் முகத்தை நீங்கள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

இந்த ஜூனில் அவன் பட்டம் வாங்கினான். அம்மாவும் நானும் போயிருந்தோம். பைன் மரங்கள் அடர்ந்த குன்று. வழியெல்லாம் டெக் கம்பெனிகள். நடுவே அவன் பள்ளி. கடலடியில் போய்ப் படம் எடுக்கும் சின்ன ரோபாட் ஒன்றை அவன் குழு செய்திருந்தது. அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதையா வேண்டாம்னாரு?" என்றார்.

திதிச் சாப்பாட்டில் உங்கள் நண்பர் சுந்தரம் அங்கிள் அருணின் தோளைத் தட்டினார். "உன்னை ஃப்ரான்ஸ் வரைக்கும் அனுப்பிப் படிக்க வெச்சாரே, அந்த மனசு யாருக்கு வரும்?" அருண் தலையாட்டினான்.

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார். "இல்லீங்க. அவர் அனுப்பல. போகாதேன்னாரு. போனதுக்கு அப்புறம் பேசவே இல்ல. சாகும்போதும் பேசல."

"இன்னிக்கு எதுக்கும்மா அதெல்லாம்?" என்றார் அங்கிள்.

"இன்னிக்குத்தான் சொல்லணும். இவன் காதுல விழணும்."

"அம்மா, இட்ஸ் ஓகே" என்றான் அருண்.

"ஓகே இல்ல கண்ணு. அது ஓகேவே இல்ல."

அப்பா, உங்கள் எதிரில் ஒருநாளும் குரல் உயர்த்தாத அம்மா பேசிய பேச்சு இது. அருண் இலையிலிருந்து எழுந்துபோய், எச்சில் கையோடு அம்மாவின் தோளில் முகம் புதைத்து அழுதான். ஆஸ்பத்திரியில்கூட அவன் அழவில்லை.

ஒன்று உறுதியாகச் சொல்கிறேன். நாளை அவனுக்கோ எனக்கோ பிள்ளைகள் பிறந்து, தாத்தாவைப் பற்றிக் கேட்டால், நடந்ததை நடந்தபடியே சொல்வேன். உங்களை நல்லவராக்கிக் கதை கட்ட மாட்டேன்.

அருணின் அக்கா,
அதற்குப் பிறகுதான் உங்கள் மகள்