மதினியும் நானும் வெக்கியூம் மிஷின் வாங்கிய கதை

மதினி,

இன்று காலை அண்ணன் பெட்டியின் டேப்பைக் கத்தியால் கீறித் திறந்ததும் புதுக் குழாயின் ரப்பர் வாசம் வீடு முழுக்கப் பரவியது. அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தேன். மாவுக் கையோடு ஓடி வந்து பெட்டிக்குள் தலையை விட்டு மூச்சை இழுத்தேன். அண்ணன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நீங்கள் இருந்திருந்தால் எனக்கு முன்னால் உங்கள் தலை உள்ளே போயிருக்கும். பெட்ரோல் வாசம், புதுச் செருப்பு வாசம், ரப்பர் வாசம் என்றால் உங்களுக்கு உயிர். நமக்கு இரண்டாவது வெக்கியூம் மிஷின் வந்துவிட்டது. நீங்கள் இல்லாமல் நான் வாங்கிய முதல் மிஷின் இது.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஆஸ்பத்திரியில் கழிந்த அந்த மூன்று வாரங்களைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. எழுதினால், "ஏன்டி, என்னைய பத்தி எழுத வேற ஒண்ணும் கெடைக்கலயா ஒனக்கு?" என்று கேட்பீர்கள். அதனால் முதல் மிஷின் வாங்கிய கதையை எழுதுகிறேன். அதை நினைத்தால் இன்னும் தனியாக இருந்துகூடச் சிரிப்பு வருகிறது.

என்னைவிட எட்டு மாதம் இளையவர் நீங்கள். ஒரே வகுப்பில் ஒரே வாங்கில் உட்கார்ந்து, வாடி போடி என்று திரிந்தவர்கள் நாம். நீங்கள் என் அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் லயத்து வீட்டுக்கு வந்த அன்று அம்மா என்னைக் கூப்பிட்டு, "இனிமே மதினின்னு கூப்பிடு, வாங்க போங்கன்னு பேசு" என்று சொல்லிவிட்டார். கல்யாணச் சேலையோடு நின்ற நீங்கள் காதைக் காட்டிக்கொண்டு, "எங்க, இன்னொருக்கா சொல்லு ஜெயா, நல்லா கேக்கல" என்றீர்களே! அந்தச் சிரிப்புக்காகவே உங்களை ஒருநாள் பழிவாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். கடைசிவரை முடியவில்லை.

நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் இருவரும் அறை சுத்தம் செய்துகொண்டிருந்தோம். ஹோட்டலை மூடித் திருத்தப்போகிறோம் என்று சொல்லி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுபடியும் காலைப் பெரட்டில் வரிசையாக நின்று பெயர் கொடுத்து, தேயிலைக் கொழுந்து எடுக்க மலைக்குப் போக வேண்டியதுதான் என்று ஆகிவிட்டது. உங்களுக்கு முழங்கால் வலி. எனக்கு அட்டை என்றால் பயம். அட்டைக்குப் பயந்த தோட்டத்துக்காரி என்று ஊரே என்னைக் கேலி செய்யும். மலைக்குப் போவதைவிட ஊரைவிட்டே ஓடலாம் என்று நான் சொன்னேன். "ஓடுறதுக்கு முழங்கால் வேணுமே" என்றீர்கள் நீங்கள்.

அப்போதுதான் தலவாக்கலைக்கு மேலே இருக்கிற அந்தப் பழைய தொரை பங்களாவிலிருந்து ஆள் அனுப்பினார்கள். உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதியாக அதை மாற்றியிருந்தார்கள். ஹாலில் பெரிய கம்பளிக் கம்பளம். யாரோ முன்பு வந்து, உள்ளே கிடந்த தூசியை எடுக்காமலே தண்ணீர் ஊற்றிக் கழுவியிருக்கிறார்கள். தூசி முழுக்கச் சேறாகிவிட்டது. நம் குளிரில் அது இரண்டு வாரமாகக் காயாமல் நாறி, பிறகுதான் காய்ந்திருக்கிறது. மெனேஜர் நம்மிடம் கண்டிப்பாகச் சொன்னார்: "ஒரு சொட்டு தண்ணி படக் கூடாது. ஒருக்கா செஞ்சு காட்டுங்க. நல்லா வந்தா நம்ம மூணு பங்களா வேலையும் ஒங்களுக்குத்தான். இல்லாட்டி கொழும்புலருந்து ஆள் எடுப்போம்."

தண்ணீர் கிடையாது என்றால் எல்லாம் மிஷின் கையில். நம் இருவரிடமும் இருந்ததைச் சேர்த்தால் ஒரே ஒரு மிஷின்தான் வாங்கலாம். சரியானதை எடுத்தால் நாம் யாருக்கும் கீழே இல்லாமல் வேலை செய்யலாம். பிழையானதை எடுத்தால் மலை. மிஷின் வாங்க நாம் இருவரும் ரயிலேறினோம். பயத்தை மறைக்க நான் கடலை தின்றுகொண்டே வந்தேன்.

கடைக்குள் நுழைந்ததும் அந்தச் சிவப்பு மிஷினைப் பார்த்துவிட்டேன். பளபளவென்று, வயிற்றில் கண்ணாடி மாதிரி டப்பா வைத்து, உள்ளே தூசி சுற்றுவது வெளியே தெரியும்படி இருந்தது. கடைக்காரர் சிங்களவர், நடுத்தர வயசு, தமிழில் நன்றாகவே பேசினார். "வாட்ஸ் எல்லாத்திலயும் இதுதான் கூட" என்றார். எனக்கு அதுவே போதும். நீங்கள் மட்டும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தீர்கள். "வாட்ஸுங்கிறது கரண்டு குடிக்கிற கணக்கு ஜெயா. தூசி எவ்வளவு குடிக்கும்னு அதுல எழுதலயே" என்றீர்கள். பிறகு என் காதோடு, "மாப்ள பாக்க வந்தவ மாதிரி நிக்காத. நெறத்த பாத்து மயங்காத" என்றீர்கள்.

கடைக்காரர் முதுகில் மாட்டும் மிஷின் ஒன்றைக் கொண்டுவந்தார். நாம் செய்த கூத்து அங்கேதான். அவர் வாரை உங்கள் கையில் கொடுத்ததும் நீங்கள் துளியும் யோசிக்காமல் அதை நெற்றிக்கு மேலே போட்டு, கொழுந்துக் கூடை மாதிரி மிஷினை முதுகில் தொங்கவிட்டு, முன்னால் குனிந்து நின்றீர்கள். அவர் பதறிப்போய், சிங்களத்தில் அம்மணி என்பது போல, "நோனா, தலைக்கு இல்ல, தோளுக்கு, தோளுக்கு!" என்று கத்தினார். நீங்களோ அசையவில்லை. "தோள்ல மாட்டுனா கழுத்து எதுக்கு இருக்கு?" என்று கேட்டுவிட்டு, கடைக்குள் ஒரு சுற்று நடந்து வேறு காட்டினீர்கள். குளிர்சாதனப் பெட்டி பார்க்க வந்த ஒரு குடும்பம் தங்கள் வேலையை மறந்து நின்றது. நான் வெட்கத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். படிக்கட்டுக்கும் தரைக்கும் அது நல்ல மிஷின்தான், சுற்றும் பிரஷ் இல்லாததால் கம்பளிக்கு ஆகாது என்று நீங்களே அதைக் கழற்றி வைத்தீர்கள்.

மூன்றாவதாக மூலையில் நின்றது சாம்பல் நிற மிஷின். பாரமாக, பழைய பாடசாலை வாத்தியார் மாதிரி விறைப்பாக இருந்தது. உள்ளே துணிப்பை, அடியில் சுற்றும் பிரஷ், நீளமான வயர். பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

"சரி, ரெண்டையும் பாத்துருவோம்" என்று நீங்கள் உங்கள் பையைத் திறந்தீர்கள். உள்ளே ஹோட்டலில் கழித்துப்போட்ட கம்பளத்தில் வெட்டிய ஒரு துண்டும், மூடி போட்ட ஒரு ஜாம் போத்தலும் இருந்தன. போத்தலில் ஃபெக்டரித் தரையில் கூட்டிய தேயிலைத் தூசி, ரோட்டு மண், பக்கத்து வீட்டு நாயின் மயிர் எல்லாம் கலந்து வைத்திருந்தீர்கள். வீட்டில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை! அதோடு விட்டீர்களா? அலமாரியில் விற்பனைக்கு இருந்த சமையல் தராசைக் காட்டி, "அத கொஞ்சம் எடுத்துக் குடுங்க" என்றீர்கள்.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்று பழகியவர்கள் நாம். ஈரத்துக்கு, சாக்குக்கு என்று கழித்துக் கழித்து, மேற்பார்க்கும் கண்டாக்கு சொல்லும் நிறையை நம்பாத சனம். வேறு யாராவது என்றால் கம்பளம் பார்வைக்குச் சுத்தமாகிவிட்டதா என்று பார்த்திருப்பார்கள். உங்களுக்குத்தான் அதை நிறுத்துப் பார்க்கத் தோன்றியது. தராசு முதல்முறையாக நம் பக்கம் இருந்தது.

கம்பளத் துண்டை நிறுத்தீர்கள். நூறு கிராம் தூசியைக் கொட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் மிதித்துத் தேய்த்தீர்கள். முதலில் என் சிவப்பு மிஷின். டப்பாவுக்குள் தூசி சுழன்று ஆடிய ஆட்டத்தைப் பார்த்து நான் கை தட்டிவிட்டேன். கம்பளம் புதிது போல இருந்தது. தராசில் வைத்தால் அறுபது கிராம் உள்ளேயே கிடந்தது. அதே துண்டில் சாம்பல் மிஷினை ஓட்டினீர்கள். மிச்சம் பதினைந்து.

நான் விடுவேனா? "செவப்பு மொதல்ல எடுத்து வச்சதுனாலதான் இதுக்கு லேசா போச்சு" என்றேன். கோபப்படுவீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ, "அதுவும் சரிதான்" என்று சொல்லி, துண்டை உதறி, மறுபடி நூறு கிராம் கொட்டி, இந்தத் தடவை சாம்பலை மட்டும் ஓட்டிக் காட்டினீர்கள். மிச்சம் இருபது. "இப்ப என்னா சொல்ற?"

"கலர் நல்லால்ல" என்றேன்.

அதன் பிறகும் கைக்குட்டையாக வைத்திருந்த ஒரு வெள்ளைக் கைலேஞ்சியை நனைத்து, மிஷின்கள் காற்றை வெளியே விடும் இடத்தில் பிடித்தீர்கள். சாம்பலின் பக்கம் வெள்ளையாகவே இருந்த கைலேஞ்சி சிவப்பின் பக்கம் பிடித்ததும் கறுத்துப்போனது. எடுத்த தூசியை அறைக்குள்ளேயே திருப்பி ஊதுகிற மிஷினுக்குத்தான் நான் இவ்வளவு நேரம் வக்காலத்து வாங்கியிருந்தேன். பெல்ட் அறுந்தால் எங்கே வாங்குவது, பை கிடைக்குமா என்று எல்லாம் விசாரித்து முடித்தபோது கடைக்காரர் உங்களுக்கு உட்கார ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டிருந்தார். சாம்பலை வாங்கிக்கொண்டு போகும்போது, "நோனா இங்க வேலைக்கு வாறதா?" என்று கேட்டார்.

திரும்பும் ரயிலில் வட்டகொடை வரைக்கும் நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தேன். மூன்று நாள் உங்களோடு சரியாகப் பேசவில்லை. தோற்றதுகூடப் பரவாயில்லை. நீங்கள் எனக்கு ரயிலில் வடை வாங்கிக் கொடுத்துச் சமாதானம் பண்ணியதுதான் தாங்க முடியவில்லை.

பங்களாவில் வேலை செய்த நாளும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. சோபாக்களை நகர்த்திவிட்டு ஒரு மூலையில் தொடங்கினோம். நான் விறுவிறுவென்று தள்ளினேன். "நிறுத்து. இது பேருக்கு கொழுந்து எடுக்குற மாதிரி இல்ல. போகும்போது எப்படியும் போ, பின்னால இழுக்கும்போதுதான் மெதுவா வரணும்" என்றீர்கள். ஒரே இடத்தை நீளவாக்கில், குறுக்கே என்று நான்கு பக்கமாகவும் ஓட்டினோம். பை நிறைந்து மாற்றினோம். மறுபடி நிறைந்தது. கம்பளம் சாம்பலாகவே கிடந்தது.

மத்தியானத்துக்கு மேல்தான் அது நடந்தது. ஓரத்தில் பச்சையாக ஏதோ தெரிந்தது. நீங்கள் மண்டியிட்டுப் பார்த்தீர்கள். கொடி! கொடி முழுக்க மாதுளம்பூ நிறத்தில் குட்டிக் குட்டிப் பூக்கள். நீங்கள் போட்ட சத்தத்தில் குசினியிலிருந்து சமையல்கார அப்பு கரண்டியோடு ஓடி வந்தார். "நான் இங்க வந்த நாள்லருந்து இது சாம்பல் கலருன்னுல்ல நெனச்சிட்டு இருந்தேன்!" என்றார். பிறகு அவர் சமையலைப் பார்க்கவே போகவில்லை. இன்னும் எங்கே பூ வருகிறது என்று நம் பின்னாலேயே நடந்தார். கறி அடிப்பிடித்த வாசம் வந்த பிறகுதான் ஓடினார்.

மெனேஜர் வந்து காலில் போட்டிருந்த சப்பாத்தைக் கழற்றினார். வெள்ளைச் சொக்ஸோடு ஹாலின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை நடந்தார், நின்றார், காலைத் தூக்கிப் பார்த்தார். நாம் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். உங்கள் நகம் என் கையில் பதிந்தது. சொக்ஸ் வெள்ளையாகவே இருந்தது. "நாளைக்கு மத்த ரெண்டு பங்களாவையும் வந்து பாத்துட்டுப் போங்க" என்றார். பிறகு மிஷினைப் பார்த்து, "நல்ல சாமான். யார் தெரிஞ்சு எடுத்தது?" என்று கேட்டார்.

என் முகம் சூடாகிவிட்டது. நீங்கள் என்னைக் காட்டினீர்கள். "என் நாத்தனா சார். இவ மட்டும் என்கூட சண்ட போடாம இருந்திருந்தா நான் ஒருக்கா நிறுத்துட்டு வந்திருப்பேன். இவளாலதான் ரெண்டு தரம் நிறுத்தேன்."

கேலி செய்கிறீர்கள் என்றுதான் அன்று நினைத்தேன். இல்லை மதினி, நீங்கள் நிஜமாகத்தான் சொன்னீர்கள். பிறகு வந்த வருஷங்களில் எதை வாங்குவதென்றாலும், எந்த வேலையை எடுப்பதென்றாலும், முதலில் என்னிடம் வந்து, "எங்க, வேணாம்னு சொல்லு பாப்போம்" என்பீர்கள். நான் வேண்டாம் என்று சொல்லும் காரணம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் முடிவு எடுப்பீர்கள். எத்தனை சண்டை! எவ்வளவு சந்தோஷமான சண்டை!

இப்போது நம்மோடு இன்னும் இரண்டு பெண்கள் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள். ஆனால் எதைக் கேட்டாலும், "நீங்க சொன்னா சரிதான்க்கா" என்கிறார்கள். அண்ணனும் அப்படித்தான், "ஒனக்குத் தெரியாததா" என்று முடித்துவிடுவார். நான் சொல்வதற்கெல்லாம் ஊரே தலையாட்டுகிறது. இதைவிடப் பயமான நிலைமை எனக்கு வந்ததில்லை.

நேற்று மிஷின் வாங்க ஹட்டனுக்குப் போனபோது அண்ணன் தூக்கிவர உதவியாக வந்தார். கடையில் இரண்டைக் காட்டினார்கள். ஒன்று பேட்டரியில் ஓடுவது, கைக்கு லேசு, வயர் இல்லை. மற்றது பை வைத்த பாரமான மிஷின். எனக்கு லேசானது பிடித்துவிட்டது. பக்கத்தில் திரும்பினேன். யாரும் இல்லை. பிறகு வேறு வழியில்லாமல் உங்கள் பக்கத்தையும் நானே பேசத் தொடங்கினேன், வாய்விட்டே.

"பேட்டரி பாதி ஹால்ல செத்துப்போச்சுன்னா மீதிய வாயால ஊதுவியா?"

"ஆனா படியில தூக்கிட்டு ஏறணுமே மதினி."

"படிக்குத்தான் பழைய மிஷின்ல குழாய் இருக்குல்ல? எத்தன பங்களால படி இருக்கு, சொல்லு பாப்போம்."

பங்களாக்களை எண்ணிப் பார்த்தேன், ஒன்றில்தான் படி. நீங்கள் உயிரோடு இருந்தபோது எப்படித் தோற்றேனோ அப்படியே தோற்றேன். கண்ணில் நீர் முட்டியது, சிரிப்பும் வந்தது. அண்ணன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு இவ்வளவையும் கேட்டுக்கொண்டு நின்றார். நீங்கள் போன பிறகு அவர் பேச்சே குறைந்துபோய்விட்டது. நேற்று தொண்டையைச் செருமிக்கொண்டு, முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னார்: "ஏன், ரெண்டு பேரும் இதெல்லாம் வீட்லயே பேசி முடிச்சிட்டு வந்திருக்கக் கூடாதா?"

கடைக்காரர் எனக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தார். நான் பாரமான மிஷினின் மேல் கையை வைத்து, "எங்க மதினி சொல்றதையே கட்டிக் குடுங்க" என்றேன்.