ஓர்லாவின் நாலு நிமிஷம்

அயர்லாந்து
பிப்ரவரி 8

அன்புள்ள அத்தானுக்கு,

உங்களுக்கும் பிளெசிக்கும் என் முத்தங்கள். ஞாயிற்றுக்கிழமை நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டீர்கள். சிக்னல் போய்விட்டது என்று பிறகு மெசேஜ் அனுப்பினீர்கள். புளியறையில் அடைமழைக்குப் போகிற சிக்னல் பிப்ரவரி வெயிலில் போகாது என்று எனக்குத் தெரியும். போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, பிள்ளையும் பக்கத்தில் நின்று கேட்கிறாள். அதனால் மெயிலில் எழுதுகிறேன். முழுசாகப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

இங்கே நர்ஸ் வேலைக்கு வந்தவர்கள் புருஷனையும் பிள்ளைகளையும் கூட்டி வந்துவிடுகிறார்கள். என்னைப் போல முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறவர்களுக்கு அது கிடையாது. அரசாங்கம் ஒரு சம்பள வரம்பு வைத்திருக்கிறது, நாங்கள் அதற்குக் கீழே இருக்கிறோம். இது உங்களுக்குத் தெரிந்த கதைதான். தெரியாத கதையைச் சொல்கிறேன்.

எங்கள் இல்லத்தில் மார்ட்டின் என்று ஒரு பெரியவர் இருக்கிறார். அவருடைய மகள் ஓர்லா கிலேன் இந்த நாட்டுப் பாராளுமன்றத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர். பார்த்தால் நம்ப மாட்டீர்கள். சேறு ஒட்டிய பூட்ஸோடு வருவாள், தொண்டை எப்போதும் கட்டியிருக்கும். ஒருநாள் நான் மார்ட்டினுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். "உனக்கு யார் இருக்கா?" என்று கேட்டாள். போனில் பிளெசி படத்தைக் காட்டினேன்.

"எப்ப வாராங்க?"

"வர முடியாது" என்றேன்.

ஏன் என்று கேட்டாள். சொன்னேன். அடுத்த வாரமே பாராளுமன்றத்தில் அமைச்சருக்குக் கேள்வி போட்டுவிட்டாள். 'பரிசீலனையில் இருக்கிறது' என்று பதில் வந்தது. மறுபடி கேட்டாள். மறுபடியும் அதே பதில். இப்போது இந்த விஷயம் ஒரு பாராளுமன்றக் குழுவின் விசாரணைக்கு வந்திருக்கிறது. ஓர்லா அந்தக் குழுவில் இருக்கிறாள். நானே வந்து பேச வேண்டும், பேரும் முகமும் டிவியில் தெரியப் பேச வேண்டும் என்கிறாள்.

இதைத்தான் அன்றைக்குச் சொல்ல வந்தேன். நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள்.

உங்கள்
ஷெர்லின்


புளியறை
பிப்ரவரி 17

ஷெர்லிக்கு,

சிக்னல் போனது நிஜம். நீ நம்பலைன்னா போ.

முழுசாப் படிச்சேன், ரெண்டு தடவை. வேண்டாம்னுதான் சொல்லுதேன். உன் பெர்மிட்டு அந்த இல்லத்துக்காரன் கையில இருக்கு. நீ டிவியில போயி உக்காந்து சம்பளம் பத்தல, சட்டம் சரியில்லன்னு சொன்னா அவன் சும்மா இருப்பானா? அந்தப் பொம்பளைக்கு என்ன? அவ ஊரு, அவ நாடு. பேசிட்டு வீட்டுக்குப் போயிருவா. நீ எங்க போவ?

அதுவும் எதிர்க்கட்சிக்காரி. ஆளுங்கட்சிக்காரன் சொன்னாலே ஒரு வேலை நடக்க எத்தனை நாளாவுது. எதிர்க்கட்சி பேச்சை எவன் கேப்பான்? நம்ம பரமசிவன் அண்ணாச்சியும் எதிர்க்கட்சி கவுன்சிலராத்தான் இருந்தாரு. கூட்டத்துல எந்திரிச்சு நின்னா டீ குடிக்கப் போயிருவாங்கன்னு அவரே சிரிச்சிக்கிட்டுச் சொல்லுவாரு.

நீ பேசாம வந்துரு. தென்காசியில எத்தனை ஆஸ்பத்திரி இருக்கு. உனக்கு வேலை தராதவன் யாரு? கடை இப்ப நல்லா ஓடுது. கேரளாவுக்குப் போற லாரி பூரா செக்போஸ்ட் தாண்டுனதும் நம்ம கடையிலதான் நிக்குது. இசக்கிதுரை பரோட்டா போட்டா ஆரியங்காவு வரைக்கும் வாசம் அடிக்குதுன்னு டிரைவருங்க சொல்லுதாங்க.

பிளெசிக்கு முன்பல்லு விழுந்துட்டு. அதுலேருந்து சிரிக்கும்போது கையை வச்சு மூடிக்கிடுதா. மதினிதான் தலை பின்னி ஸ்கூலுக்கு அனுப்புதா. "அம்மா மாதிரிப் பின்னு பெரியம்மா"ங்குதா. அம்மா எப்படிப் பின்னுவான்னு மதினி கேட்டா. பிள்ளைக்குச் சொல்லத் தெரியல.

ஜோஷ்வா


அயர்லாந்து
மார்ச் 6

அன்புள்ள அத்தானுக்கு,

பல் விழுந்த படத்தை ஏன் அனுப்பவில்லை? கையை எடுக்கச் சொல்லி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.

போன செவ்வாய்க்கிழமை லீவு எடுத்துக்கொண்டு டப்ளின் போனேன். பாராளுமன்றத்தை இங்கே டாய்ல் என்று சொல்கிறார்கள். ஓர்லா எனக்குப் பார்வையாளர் மாடத்தில் இடம் வாங்கி வைத்திருந்தாள். பெரிய கூட்டம் இருக்கும், கைதட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். அத்தான், அந்த மண்டபம் முழுக்கக் காலி நாற்காலி. அவள் கட்சிக்காரரே இரண்டு மூன்று பேர்தான். எதிரே துணை அமைச்சர் ஒருத்தர் காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஓர்லாவுக்குக் கொடுத்தது நாலு நிமிஷம். அந்த நாலு நிமிஷமும் சபை நிறைந்திருக்கிற மாதிரி நின்று பேசினாள். அவளுடைய அப்பாவுக்குச் சோறு ஊட்டுகிற பெண், தன் பிள்ளைக்கு ஊட்டி எத்தனை நாளாயிற்று என்று கேட்டாள். அப்போது அந்தத் துணை அமைச்சர் தலையைத் தூக்கினார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "யாருமே இல்லையே, யாருக்காக இப்படித் தொண்டை வத்தப் பேசுனீங்க?"

"ஆள் இல்லேன்னா என்ன? நான் பேசுன ஒவ்வொரு வார்த்தையும் பதிவுல ஏறுது. இது எனக்குத் தெரியாதேன்னு இனிமே எந்த அமைச்சரும் சொல்ல முடியாது. எதிர்க்கட்சி பண்ணக்கூடியது அதுதான். தெரியாதுன்னு சொல்ற வழியை ஒவ்வொண்ணா அடைச்சிக்கிட்டே வரணும்" என்றாள். பிறகு எனக்கு ஒரு சூப் வாங்கிக் கொடுத்துவிட்டு அடுத்த கூட்டத்துக்கு ஓடிவிட்டாள்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். மூன்று வருஷமாக நான் அழுததெல்லாம் தலையணைக்குத்தான் தெரியும். எந்தப் பதிவிலும் ஏறவில்லை.

நான் பேசப் போகிறேன். 21ஆம் தேதி, நம்ம ஊர் நேரத்துக்குச் சாயங்காலம். லிங்க் அனுப்புகிறேன். நீங்கள் கோபப்பட்டாலும் பரவாயில்லை, பார்க்காமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

உங்கள்
ஷெர்லின்


புளியறை
மார்ச் 22

ஷெர்லி,

பாத்தேன்.

முதல்ல பாக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். இசக்கிதுரைதான் கடை டிவியில கிரிக்கெட்டை நிப்பாட்டிட்டு நீ அனுப்புன லிங்கைப் போட்டுட்டான். "மதினி வாராங்க, மதினி வாராங்க"ன்னு அவன் கத்துன கத்துல சாப்பிட்டுக்கிட்டு இருந்த டிரைவருங்க பூரா இலையோட திரும்பி உக்காந்துட்டாங்க. நீ அந்த நீலச் சேலையில வந்து மைக் முன்னால உக்காந்தியா, பிளெசி பெஞ்சு மேல ஏறி நின்னுட்டா.

எனக்கு அந்த ஊரு இங்கிலீஷ் பிடிபடல. கடையநல்லூர் சுஹைப் பாய் இருந்தாரு, துபாயில ரொம்ப வருஷம் இருந்து வந்தவரு. அவருதான் ஒவ்வொண்ணாச் சொன்னாரு. நீ பிளெசியைப் பத்திச் சொன்னது, மார்ட்டின் தாத்தாவைக் குளிப்பாட்டுறதைச் சொன்னது, எல்லாம் சொன்னாரு. அப்புறம் அந்த வழுக்கைத் தலை ஆளுங்கட்சிக்காரன் கண்ணாடியைக் கழத்திக்கிட்டு உன்னைக் கேட்டானே, "இந்த விதி தெரிஞ்சுதானே இங்க வந்தீங்க?"ன்னு. செத்தோம்னு நினைச்சேன். நீ கொஞ்சமும் அசையல. என்னமோ சொன்ன. அந்த ஓர்லா பொம்பளை பேனாவைக் கீழ வச்சிட்டா.

"என்ன பாய் சொன்னா? சொல்லுங்க"ன்னேன்.

"'ஆமா, தெரிஞ்சுதான் வந்தேன். வேலைக்கு ஆள் வேணும்னு நீங்க எங்க ஊருக்கு வந்து கூப்பிட்டப்போ, வாரவளுக்கு ஒரு குடும்பம் இருக்கும்னு உங்களுக்கும் தெரியும். ரெண்டு பேரும் தெரிஞ்சுதான் செஞ்சோம். ஆனா விலை நான் மட்டும் குடுக்கேன்'னு சொல்லுது உங்க வீட்டுக்காரம்மா"ன்னாரு. சொல்லிட்டு, "நானும் அத்தனை வருஷம் அங்கன கெடந்தேன் ஜோஷ்வா. இப்படி ஒருத்தன்கிட்ட கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்லையே"ன்னு எந்திரிச்சுக் கை கழுவப் போயிட்டாரு. ரொம்ப நேரம் வரல.

உனக்கு இவ்வளவு தைரியம் எங்க இருந்து வந்துதுன்னு கேக்க மாட்டேன். உன்னைப் பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே நீதான் என்னைக் கேள்வி கேட்ட.

மேனேஜர் ஏதாவது சொன்னானா? உடனே எழுது.

ஜோஷ்வா

பல்லு படம் இதோட வச்சிருக்கேன். கையை எடுக்க மாட்டேன்னுட்டா.


அயர்லாந்து
ஜூலை 3

அத்தான்,

நேற்றே போனில் கத்திச் சொல்லிவிட்டேன். ஆனாலும் இதை எழுதி அனுப்பினால்தான் எனக்கு ஆறும். வரம்பை இறக்கிவிட்டார்கள். நீங்களும் பிளெசியும் வரலாம்!

நடந்ததைச் சொல்கிறேன். குழுவில் பேசி முடித்ததும் மேனேஜர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் குழுவின் அறிக்கை எங்கள் பக்கம் வந்தது. அவரும் பேச ஆரம்பித்துவிட்டார். ஓர்லா சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தாள், ஓட்டெடுப்பில் தோற்றது. தோற்ற மறுநாள் அதே விஷயத்தை வேறு வார்த்தையில் கேள்வியாகப் போட்டாள். பட்ஜெட் பேச்சிலும் அதுதான். ஆஸ்பத்திரிகளில் ஆள் பற்றாக்குறை என்று ஒரு விவாதம் நடந்தது, அதிலும் அதுதான். சபைத் தலைவரே ஒருநாள், "உறுப்பினர் எங்கே வந்து நிற்பார் என்று எங்களுக்குத் தெரியும்" என்று சொல்ல, எல்லாரும் சிரித்தார்களாம். அவளும் சிரித்துக்கொண்டே அங்கேதான் வந்து நின்றாள்.

கடைசியில் அமைச்சர் எழுந்து அறிவித்தபோது ஓர்லா பேரை ஒரு இடத்திலும் சொல்லவில்லை. தன் அரசாங்கத்தின் மனிதாபிமானம் என்றார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அன்று சாயங்காலம் மார்ட்டினைப் பார்க்க வந்தவளிடம் புலம்பினேன்.

"அவர் பேர் எடுத்துக்கட்டும். உன் புருஷன் எந்த வாரம் வாரான், அதைச் சொல்லு" என்றாள்.

சொல்லுங்கள், எந்த வாரம்?

ஷெர்லின்


புளியறை
ஜூலை 19

ஷெர்லிக்கு,

சீசன் நல்லா இருக்கு. சாரல் விடாம அடிக்குது. ஐந்தருவியில குளிச்சிட்டுத் திரும்புற கேரளாக்காரங்க பூரா நம்ம கடையிலதான் சாப்பிடுதாங்க. அதான் பதில் எழுதச் சுணங்கிட்டு. இல்ல, அதுக்காக இல்ல. எப்படி எழுதன்னு தெரியாமத்தான் சுணங்கிட்டு.

எனக்கு அங்கன வர மனசு இல்ல.

வர முடியாதுன்னு சட்டம் இருந்த வரைக்கும் எனக்கு இது தோணல. இப்ப கதவு திறந்த பிறகுதான் தோணுது. இங்கன கடைவாசல்ல நின்னா நான் ஜோஷ்வா அண்ணாச்சி. அங்கன வந்தா உன் விசாவுல ஒட்டிக்கிட்டு வந்த ஆளு. நீ வேலைக்குப் போனப்புறம் ஜன்னல்ல மழையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். மழை இங்கயும்தான் பெய்யுது.

பிளெசியைக் கூட்டிக்கோ. அவளுக்கு நீ வேணும். எனக்காகப் பேசி, எனக்காக வாங்கிக் குடுத்ததை நான் வேண்டாம்னு சொல்லுதேன். திட்டணும்னா திட்டு.

ஜோஷ்வா


அயர்லாந்து
ஜூலை 25

அத்தான்,

முதல் நாள் திட்டினேன். நல்ல வேளை, பக்கத்தில் நீங்கள் இல்லை. இரண்டாம் நாள் அழுதேன். இன்றைக்கு எழுதுகிறேன்.

நீங்கள் எனக்குக் கடன்பட்டவர் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். நான் உங்களை இங்கே இழுத்து வருவதற்காக அந்த மைக் முன்னால் உட்காரவில்லை. என் புருஷன் என்னோடு இருக்கலாமா கூடாதா என்று யாரோ ஒரு அமைச்சர் முடிவு பண்ணிக்கொண்டிருந்தார். அந்த முடிவை அவர் கையிலிருந்து பிடுங்கி நம் வீட்டுக்குள் கொண்டுவரத்தான் போனேன். கொண்டுவந்துவிட்டேன். இனி நீங்கள் வரவில்லை என்றால் அது நீங்கள் சொன்ன சொல். அதோடு நான் சண்டை போடுவேன், அழுவேன், ஆனால் மதிப்பேன்.

பிளெசியை மட்டும் அனுப்பச் சொல்கிறீர்கள். அவளுக்கு நான் மட்டும் போதும் என்று யார் சொன்னது?

இந்த ஊரில் ஒரு நல்ல சாப்பாட்டுக் கடை கிடையாது என்பதையும் சொல்லி வைக்கிறேன். நைட் டூட்டி முடித்து வருகிற மலையாளி நர்சுகளெல்லாம் ரொட்டியும் ஜாமும் தின்கிறார்கள். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

உங்கள்
ஷெர்லி


புளியறை
செப்டம்பர் 30

ஷெர்லி,

விசா வந்துட்டு. ரெண்டு பேருக்கும்.

கடையை இசக்கிதுரை பாத்துக்கிடுவான். போர்டுல என் பேருக்குக் கீழ அவன் பேரையும் எழுதச் சொல்லிட்டேன். மதினி மொளகாப்பொடி, கருவாடுன்னு கட்டிக்கிட்டே இருக்கா. கருவாட்டை மட்டும் எடுத்து வெளிய வச்சிட்டேன், தெரிஞ்சா அழுவா. பிளெசிக்குப் புதுப் பல்லு எட்டிப் பாக்குது. இப்ப கையை வச்சு மூடுறது இல்ல.

இன்னிக்குத் தென்காசியில டிக்கெட் போடப் போனேன். போற டிக்கெட் ரெண்டும் போட்டுட்டு, "அண்ணாச்சி, உங்களுக்குத் திரும்பி வாரதுக்கு எந்தத் தேதியில போடட்டும்?"னு அந்தத் தம்பி கேட்டான். ரோட்டுல குற்றாலம் பஸ் ஒண்ணு ஆரன் அடிச்சிக்கிட்டே போச்சு.

"போயிப் பாத்துட்டுச் சொல்லுதேன்"னேன்.

ஜோஷ்வா