அப்பாவின் டின்னுக்கு ஒரு சுங்கான்

11 ஆகஸ்ட் 2025, திங்கள்

கோமுட்டர் ரயில் இன்றும் தாமதம். கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரை நின்றுகொண்டே போனேன். மருத்துவ லேபில் ரத்த மாதிரிக் குழாய்களுக்கு லேபிள் ஒட்டி ஒட்டி விரல் நுனியெல்லாம் பசை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒரு டின்னை என் கையில் வைத்தார். தட்டையான, வட்டமான தகர டின். அப்பா ஓட்டிய கண்டெய்னர் லோரியில், சீட்டுக்குப் பின்னால் இருந்த பையில் கிடந்ததாம். போர்ட் கிள்ளானில் ஒரு கப்பல்காரர் எப்போதோ கொடுத்தது. இன்னும் சீல் உடைக்கவில்லை.

"பைப்புல போட்டுக் குடிக்கிற புகையில. பைப் வாங்கிட்டு ஒடைக்கிறேன்னு சொல்லிட்டே இருந்தாரு, கடைசி வரைக்கும் வாங்கல. வருஷத் திதிக்கு இதப் படைக்கணும். நீ படிச்சவ, இதுக்கு ஏத்த பைப்பா பாத்து வாங்கிட்டு வா."

படித்தவள். இந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். அரசாங்கக் கடிதம் வந்தால் நான். வாஷிங் மெஷின் நின்றுபோனால் நான். இப்போது பைப்புக்கும், அதாவது சுங்கானுக்கும், நான்தான்.

அப்பாவின் நுரையீரல் ஸ்கேனைப் படித்து அவருக்குத் தமிழில் சொன்னவளும் நான்தான். அது அம்மாவுக்கு நினைவில்லையா?

12 ஆகஸ்ட்

அவரைக் கொன்றதையே அவருக்குப் படைப்பதா?

14 ஆகஸ்ட், வியாழன்

சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். தைரியமாக அல்ல, தட்டைப் பார்த்துக்கொண்டுதான்.

"வேணாம்மா. புகையிலயாலதானே போனாரு."

"அது சிகரெட். இது வேற."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

"அப்ப ஆட்டுக்கறியும் வைக்க வேணாமா? கொலஸ்ட்ரோல் இருந்துச்சே."

தம்பி பிரவின் போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "அக்கா, செத்தவருக்கு கேன்சர் வராது லா" என்றான். அம்மா அவன் மண்டையில் ஒன்று வைத்தார்.

பாத்திரம் கழுவும்போது அம்மா மெதுவாகச் சொன்னார்: "தனக்குன்னு எதையும் கேட்காத மனுஷன். வாய்விட்டு ஆசைப்பட்டது இது ஒண்ணுதான்."

என்ன செய்வது? எனக்குத் தெரியவில்லை. மறுப்பதற்கு என்னிடம் காரணம் இருக்கிறது. அம்மாவிடம் இருப்பது காரணமே இல்லை. ஆனால் தோற்றது நான்.

16 ஆகஸ்ட், சனி

கேஎல் நகரத்தில் மாடிப்படி ஏறிப் போகும் ஒரு சின்னப் புகையிலைக் கடை. வாசல் வரை போய்த் திரும்பி, கீழே ஒரு தே ஓ ஐஸ், பாலில்லாத குளிர் தேநீர், குடித்துவிட்டு மறுபடி ஏறினேன். உள்ளே ஒரே ஒரு ஆள்: ஆசிம் என்று சட்டையில் பெயர். என் வயதுதான் இருக்கும்.

"யாருக்கு அக்கா? பாய்ஃபிரண்டுக்கா?"

"அப்பாவுக்கு."

"அங்கிள் என்ன புகையில குடிப்பாரு?"

பையிலிருந்து டின்னை எடுத்துக் காட்டினேன். டின்னில் 'ஃபிளேக்' என்று போட்டிருந்தது; அப்படியென்றால் அழுத்திக் கட்டியாக்கி, தகடு தகடாக வெட்டிய புகையிலை என்றார். சுங்கானில் புகையிலை போடும் கிண்ணம் அகலமாக வேண்டாம், ஒடுங்கி ஆழமாக இருந்தால் மெதுவாக எரியும் என்றார். சோளக் கதிரின் தக்கையில் செய்த சுங்கான் ஒன்று, வேர்க்கட்டையில் செய்தது இரண்டு, என் முன் வைத்தார். தக்கைச் சுங்கான் மலிவு, ஆனால் சீக்கிரம் கருகிவிடுமாம். வேர்க்கட்டையில் ஒன்று நேர்க்குழாய், ஒன்று வளைந்தது.

"நேரா இருக்கிறதுதான் சுத்தம் பண்ண சுலபம்."

வளைந்ததை எடுத்தேன். அதைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டால் கை தேவைப்படாது. அப்பாவின் இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருக்கும். இடது பக்கம் அவருக்குப் பல் இல்லை, ஆகவே வலது ஓரத்தில் கடித்திருப்பார். இதையெல்லாம் கடையில் நின்று யோசித்தேன். யோசித்து முடித்த பிறகுதான் அவர் இல்லை என்பது மறுபடி நினைவுக்கு வந்தது.

கிளம்பும்போது ஆசிம் சொன்னார்: "புதுப் பைப்ப உடனே நெறச்சுக் குடிக்கக் கூடாது. கட்ட கருகிடும். ரெண்டு மூணு தடவ பாதி பாதியா குடிச்சுப் பழக்கணும். அங்கிள்கிட்ட சொல்லிடுங்க."

"சொல்றேன்" என்றேன்.

17 ஆகஸ்ட்

யார் பழக்குவது?

20 ஆகஸ்ட், புதன்

மதிய இடைவேளையில் பேன்ட்ரியில் உட்கார்ந்து, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு சுங்கான் நிரப்பும் வீடியோ பார்த்தேன். ஒரு தாடிக்காரர் பொறுமையாகக் காட்டுகிறார். தகட்டை மடித்து அப்படியே திணிக்கலாம். அல்லது உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்து இழை இழையாக உதிர்க்கலாம். புதியவர்களுக்குத் தேய்ப்பதுதான் நல்லதாம். அதற்கு முன் ஈரம் போகக் காய விட வேண்டும்.

சுங்கானைப் பழக்கித் தரச் சொல்லிப் பிரவினைக் கேட்கலாமா? அவன் ஊருக்கே சொல்வான்.

23 ஆகஸ்ட், சனி

அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். பிரவின் கிராப் டாக்சி ஓட்டப் போய்விட்டான். டின்னின் ஓரத்தில் காசை வைத்து நெம்பினேன். உஸ் என்று காற்று உள்ளே போனது. உலர்ந்த திராட்சை மாதிரி, வைக்கோல் மாதிரி, கொஞ்சம் ஊறுகாய் மாதிரி ஒரு வாசம். இதை சிகரெட்டோடு சேர்த்து எண்ண முடியவில்லை. அதுதான் கோபமாக வந்தது. இது நாறியிருக்க வேண்டும்.

ஒரே ஒரு தகட்டைத் தட்டில் காய வைத்தேன். பிறகு தேய்த்து, பாதிக் கிண்ணம் மட்டும் நிரப்பி, பின்பக்கச் சந்தில் துணிக்கொடிக்குப் பின்னால் நின்று பற்ற வைத்தேன். முதல் நெருப்பில் இழைகள் எழும்பி நின்றன, அணைந்துவிட்டது. தேக்கரண்டிக் காம்பால் மெல்ல அழுத்தி மறுபடி பற்ற வைத்தேன். நெஞ்சுக்குள் இழுக்கவில்லை, வாயோடு சரி. நாக்கு சுட்டது. கண்ணில் நீர்.

அம்மா வந்ததும், "யாரு சுருட்டுக் குடிச்சது?" என்றார். பக்கத்து வீட்டு அங்கிளாக இருக்கும் என்றேன். பாவம் அவர்.

இரண்டாவது தடவை பற்ற வைத்தபோது வாசம் எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. அப்பாவுக்கும் முதல் சிகரெட் இப்படித்தான் பிடித்திருக்குமோ?

30 ஆகஸ்ட், சனி

திதி பேச பெரியப்பா செமினியிலிருந்து வந்தார். அப்பாவுக்கு அண்ணன், பெயர் பழனியப்பன். வீட்டுக் காரியம் எல்லாம் அவர் சொல்கிறபடிதான். சுங்கான் என்றதும், "இது என்னா வெள்ளக்காரன் சாமானு" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம், "சரி, ஆசப்பட்டான், வைங்க. ஆனா யாரும் வாய் வச்சிருக்கக் கூடாது. படையலுக்குச் சமைக்கிறப்ப உப்புக்கூடப் பாக்க மாட்டோம், தெரியுமில்ல?" என்றார்.

தெரியும். சின்ன வயதிலிருந்து தெரியும். படையல் குழம்பை யாரும் நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டார்கள். எச்சில் பட்டது ஆகாது. இது எப்படி என் மூளைக்கு எட்டாமல் போனது? தாடிக்காரர் சொன்னதைக் கேட்டேன், ஆசிம் சொன்னதைக் கேட்டேன். வாய் வைத்தால் எச்சில் என்று தோன்றவே இல்லை.

பெரியப்பா கையில் சுங்கான் இருந்தபோது கிண்ணத்தின் உட்பக்கம் கருத்திருப்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவர் கண்ணாடி போட்டிருக்கவில்லை.

வேறு வாங்கலாமா? வாங்கினாலும் இழுக்காமல் இது எரியாதே. சிகரெட் என்றால் கொளுத்தி வைத்துவிடலாம். சுங்கான் இரண்டு நிமிடத்தில் அணைந்துவிடும்.

31 ஆகஸ்ட், ஞாயிறு

சுதந்திர தினம், தெருவெல்லாம் கொடி. அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். டின்னை உடைத்தது, சந்தில் நின்றது, பக்கத்து வீட்டு அங்கிள் மேல் பழி போட்டது, எல்லாம்.

அம்மா அடுத்த வெங்காயத்தை எடுத்து உரித்தார். பிறகு கேட்டார்:

"எப்படி இருந்துச்சு?"

"மொதல்ல கசப்பு. அப்புறம் காஞ்ச பழம் மாதிரி."

"அவருக்குப் பிடிச்சிருக்குமா?"

"தெரியலம்மா."

அவ்வளவுதான். திட்டவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. பெரியப்பாவிடம் சொல்வாரா மாட்டாரா? கேட்கப் பயம்.

7 செப்டம்பர், ஞாயிறு

முடிந்தது.

வாழை இலையில் ஆட்டுக்கறி, வறுத்த மீன், ஒரு பாட்டில் ஸ்டவுட் பீர், நுரைக்க ஆற்றிய தே தாரே. இலை ஓரத்தில் சுங்கான். காலையில் தகட்டைக் காய வைத்து நான்தான் தேய்த்து நிரப்பினேன். கூடம் நிறையச் சொந்தக்காரர்கள்.

பெரியப்பா லைட்டரைக் கிண்ணத்தின் மேல் பிடித்தார். மேலாகக் கருகி அணைந்தது. மறுபடி. மறுபடி. "பெரியப்பா, காஸ் அடுப்ப தூக்கிட்டு வரவா?" என்றான் பிரவின். ஒரு சித்தி சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். கறி ஆறிக்கொண்டிருந்தது. பெரியப்பாவின் காது சிவந்துவிட்டது.

"அவகிட்ட குடுங்க மாமா" என்றார் அம்மா, பெரியப்பாவிடம்.

"வாய் வைக்காம அவ மட்டும் எப்படிப் பத்த வைப்பா?"

"வாய் வச்சுத்தான். ஏற்கனவே வச்சிருக்கா."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல் இருந்தது.

"எச்சிலையா படைக்கச் சொல்ற?"

அம்மா குரலை உயர்த்தவில்லை. "சின்னதுல இவ மிச்சம் வச்ச சோத்தயெல்லாம் அவருதான் வழிச்சுத் தின்னாரு. ஒரு பருக்க கீழ போடல. மக எச்சில் அவருக்கு இன்னிக்குத்தான் ஆகாதா மாமா?"

பெரியப்பா அப்பாவின் படத்தைப் பார்த்தார். பிறகு லைட்டரை என் பக்கம் நீட்டினார்.

இலைக்கு முன்னால் உட்கார்ந்தேன். நெருப்பை வட்டமாகச் சுற்றிக் காட்டி, சின்னச் சின்னதாக இழுத்தேன். எழும்பிய இழைகளைத் தேக்கரண்டிக் காம்பால் அழுத்தி மறுபடி பற்ற வைத்தேன். கிண்ணம் முழுக்கச் சிவந்தது. குழாய் அப்பாவின் படத்தைப் பார்க்கும்படி, வலது பக்கமாக வைத்தேன். புகை நேராக எழுந்து அவர் முகத்துக்கு முன்னால் கலைந்தது. பெரியப்பா கற்பூரம் ஏற்றினார்.

செய்தது சரியா? அந்த ஸ்கேன் படம் கண்ணை விட்டுப் போகவில்லை. அம்மா அழுதார், ஆனால் அது போன வருடத்து அழுகை இல்லை.

9 செப்டம்பர், செவ்வாய்

பெரியப்பா போன் செய்தார். டின்னில் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். உங்கள் ரத்த அழுத்தத்துக்கு ஆகாது என்றேன். "படிச்சவளாச்சே நீ" என்று வைத்துவிட்டார்.

மிச்சத் தகடுகளை டின்னோடு ஜாடியில் போட்டு இறுக்கி மூடினேன். சுங்கானைச் சோப்புப் போட்டுக் கழுவப் போன அம்மாவைத் தடுத்து, உலர்ந்த துணியால் துடைத்துக் கொடுத்தேன். அதைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

அன்று இலையில் வைத்த பிறகும் இரண்டு தடவை அணைந்தது, தகட்டில் ஈரம் போதுமான அளவு போகவில்லை. அடுத்த வருடம் திதிக்கு முதல் நாளே எடுத்துக் காய வைக்க வேண்டும்.